கூட வந்தவர்

கண்டக்டர்: ...குத்தப் போறேன்னு ஒரு வார்த்த சொல்லலாம்லக்கா? வந்தா, கையப் புடிச்சா, சதக்குன்னு எறக்கிட்டா. ரெண்டு ஊசி குத்தறதுக்கு நாலு ஓட்டை. என் கை என்ன சல்லடையா?

டெய்லரம்மா: மெதுவாப் பேசுங்க தம்பி. அந்தக் கோடியிலதான் நிக்கிறாங்க.

கண்டக்டர்: நிக்கட்டும். நம்ம ரெண்டு பெட்டுக்கும் நடுவுல திரைய இழுத்து மூடிட்டா காது கேக்காதுன்னு நெனச்சிட்டாங்க போல.

டெய்லரம்மா: நீங்க வாய மூட மாட்டீங்கன்னுதான் திரைய மூடினாங்க.

கண்டக்டர்: நாலு மணி நேரம் டயாலிசிஸ் மெஷின்ல கட்டிப் போட்டுட்டு வாயையும் மூடுன்னா எப்படிக்கா? கிட்னிதான போச்சு. வாய் நல்லாத்தான இருக்கு.

டெய்லரம்மா: அது ரொம்பவே நல்லா இருக்கு.

கண்டக்டர்: முப்பத்திரண்டு வருஷம் பஸ்ல கத்தின வாய்க்கா. 'உள்ள போ, உள்ள போ'ன்னு கத்தியே பழகிடுச்சு. உங்களுக்கு எப்படிக் குத்தினா?

டெய்லரம்மா: எனக்கும் அதே மரியாததான். நான் ஒரு கிழிஞ்ச சட்டைக்கு ஒட்டுப் போட்டாக்கூட, துணியத் தடவிப் பாத்துட்டுதான் ஊசிய எறக்குவேன். இது உசுருள்ள தோலு.

கண்டக்டர்: பேசாம நீங்களே எனக்குக் குத்தி விட்ருங்க. காஜா எடுக்கற மாதிரி நைஸா இருக்கும்.

டெய்லரம்மா: ஆமா, அப்படியே ரெண்டு பட்டனும் வச்சு விடறேன்... ஷ்ஷ். வராங்க.

சிஸ்டர்: மூணாம் பெட்டு! என்ன, நாலு கிலோ ஏத்திக்கிட்டு வந்திருக்க?

கண்டக்டர்: நாலா? மூணே முக்கால்னுதான் சிஸ்டர் முள்ளு நின்னுச்சு.

சிஸ்டர்: செவுத்தப் புடிச்சிக்கிட்டு நின்னா அப்படித்தான் காட்டும். எனக்குத் தெரியாதா? கால் வீக்கத்தப் பாரு. ரெண்டு நாள்ல நாலு லிட்டர். குடிச்சியா, குளத்துல விழுந்தியா?

கண்டக்டர்: இல்ல சிஸ்டர்... பெரியவன் வந்தான். ஜூஸ் வாங்கிக் குடுத்தான். ஆசையா குடுத்தத வேணாம்னு எப்படிச் சொல்றது?

சிஸ்டர்: அவன் ஆசையா குடுப்பான். நீ ஆசையா குடிப்ப. இங்க வந்து எங்க உசுர வாங்குவ. பன்னெண்டு பெட்டுக்கு ரெண்டு பேர் ஓடிக்கிட்டிருக்கோம். விடிஞ்சதுலருந்து பச்சத் தண்ணி படல பல்லுல. நாலையும் எடுக்கப் போறேன்.

கண்டக்டர்: சிஸ்டர், சிஸ்டர்... மூணு போதும். போன தடவ மூணர எடுத்ததுக்கே கால் முறுக்கிக்கிச்சு. மிச்சத்த அடுத்த தடவ...

சிஸ்டர்: டாக்டரா நீ?

கண்டக்டர்: இல்ல...

சிஸ்டர்: அப்போ சும்மாப் படு. பன்னெண்டு மணிக்கு அடுத்த ஷிப்டு ஏத்தணும். மூணர மணி நேரத்துல நாலையும் எடுத்துடுவேன்.

டெய்லரம்மா: ஏம்மா... நாலு மணி நேரம்தான எழுதியிருக்கு?

சிஸ்டர்: நாலாம் பெட்டு, உன்னக் கேட்டனா? அவருக்கு நீ வக்கீலா?

டெய்லரம்மா: இல்லம்மா... சும்மா கேட்டேன்.

சிஸ்டர்: கேக்கறதுன்னா இதக் கேளு. ரெண்டு பேருமே கேளுங்க. அட்டெண்டர் பேப்பர் எங்க? கூட வந்தவங்க கையெழுத்து. ஒரு வாரமா சொல்றேன். இன்னிக்குதான் கடைசி. கையெழுத்து இல்லன்னா அடுத்த தடவலருந்து மெஷின் கிடையாது.

கண்டக்டர்: பெரியவன் பைக்க நிறுத்திக்கிட்டிருக்கான் சிஸ்டர். இப்ப வந்துடுவான்.

சிஸ்டர்: எட்டு மாசமா உன் பையன் பைக்க நிறுத்திக்கிட்டேதான் இருக்கான். பைக்கா, கப்பலா? உனக்கு யாரும்மா?

டெய்லரம்மா: வீட்டுக்காரர் வந்திருக்காரும்மா. கீழ நிக்கிறாரு.

சிஸ்டர்: மேல வந்து கையெழுத்துப் போடச் சொல்லு. தனியா வர்ற கேஸெல்லாம் எடுக்கக் கூடாதுன்னு மேடம் கண்டிப்பா சொல்லிட்டாங்க. ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா பொணத்த வச்சிக்கிட்டு நாங்க எங்க போறது? வெளிய நாப்பது பேரு பெட்டுக்கு எழுதி வச்சிருக்காங்க. தெரியும்ல?

டெய்லரம்மா: போயிட்டாங்களா?

கண்டக்டர்: போயிட்டா. பேச்சப் பாத்தீங்களாக்கா? 'நீ'யாம், 'வா'வாம். எனக்கு அம்பத்தெட்டு வயசு. பஸ்ல சின்னப் புள்ளையக்கூட நான் 'எங்க போகணும் கண்ணு'ன்னுதான் கேப்பேன்.

டெய்லரம்மா: விடுங்க தம்பி. வாய்லதான மரியாத இல்ல. மெஷின் ஓடுதா, அதப் பாருங்க.

கண்டக்டர்: விடறதா? ஒரு கம்ப்ளெய்ன்ட் எழுதணும்க்கா. நீங்க ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து.

டெய்லரம்மா: அஞ்சாம் பெட்டு பேங்க்காரர் எழுதினாரே. என்ன ஆச்சு? ராத்திரி ஷிப்டுக்குத் தூக்கிப் போட்டாங்க. வேற இடம் தேடி அலஞ்சாரு. இந்த ஊர் முழுக்கச் சேத்தே இருபது மெஷின். எங்க கிடைக்கும்?

கண்டக்டர்: ஒரு மாசம்கூடத் தாங்கல. டிக்கெட் வாங்கிட்டாரு பாவம்.

டெய்லரம்மா: வாயக் கழுவுங்க. காலங்காத்தால...

கண்டக்டர்: உண்மையத்தான சொன்னேன். ரெண்டு தடவ மெஷின் தவறினா போதும்க்கா, நெஞ்சுல தண்ணி ஏறிடும். படுக்க முடியாது, மூச்சு வாங்கும். நமக்கு ரிட்டர்ன் டிக்கெட்டே ரெண்டு நாளைக்குத்தான் செல்லும்.

டெய்லரம்மா: அப்போ அந்தப் பேப்பருக்கு வழியப் பாருங்க. பையனுக்கு போன் போட்டுச் சீக்கிரம் வரச் சொல்லுங்க.

கண்டக்டர்: வருவான், வருவான்... நீங்க உங்க வீட்டுக்காரரக் கூப்பிட்டீங்களா?

டெய்லரம்மா: கூப்பிடணும். அவருக்கு இந்த வாடையே ஒத்துக்காது தம்பி. மருந்து நெடி பட்டா தல சுத்திடும். அதான் கீழயே நிக்கிறது.

கண்டக்டர்: குடுத்து வச்சவங்க நீங்க. நாலு மணி நேரம் ஒரு மனுஷன் கால் கடுக்க நிக்கிறாருன்னா சும்மாவா?

டெய்லரம்மா: ம்... தண்ணி அளந்து குடுக்கறதும் அவருதான். மருந்து ஊத்தற மூடியால. காலையில நாலு மூடி, மத்தியானம் நாலு மூடி. மேல ஒரு சொட்டு கேட்டாலும் ஒரு பார்வ பாப்பாரு பாருங்க...

கண்டக்டர்: அதான் உங்களுக்கு ஒண்ணரக் கிலோவுக்கு மேல ஏறினதே இல்ல.

டெய்லரம்மா: உங்க பெரியவனையும் ஒரு மூடி வாங்கச் சொல்லுங்க. ஜூஸ் வாங்கித் தர்ற காசுக்கு நூறு மூடி வாங்கலாம்.

கண்டக்டர்: சொல்றேன்... ஆ...வ்.

டெய்லரம்மா: என்ன?

கண்டக்டர்: ஒண்ணுமில்ல. கொட்டாவி.

டெய்லரம்மா: இது எத்தனாவது?

கண்டக்டர்: கொட்டாவியெல்லாமா எண்ணுவாங்க?

டெய்லரம்மா: நான் எண்ணினேன். மூணாவது. பிரஷர் எறங்கினா உங்களுக்குக் கொட்டாவிதான் மொதல்ல வரும். போன மாசமும் இப்படித்தான். வேர்க்குதா?

கண்டக்டர்: ...லேசா. பேன் ஓடலியா?

டெய்லரம்மா: நல்லா ஓடுது. சிஸ்டரக் கூப்பிடுங்க.

கண்டக்டர்: வேணாம்க்கா. இப்பதான் திட்டிட்டுப் போனா. கூப்பிட்டா, 'குடிக்கறப்ப இனிச்சுதா'ன்னு கேப்பா.

டெய்லரம்மா: கேட்டாக் கேக்கட்டும். சிஸ்டர்! ...சிஸ்டர்!

கண்டக்டர்: கால் முறுக்குதுக்கா... கெண்டச் சதையில... ஸ்ஸ்... அம்மா...

டெய்லரம்மா: சிஸ்டர், மூணாம் பெட்டுக்காரருக்குக் கால் இழுத்துக்கிச்சும்மா! கொஞ்சம் வாங்க!

சிஸ்டர்: வரேன், வரேன்! ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டீங்களா?

கண்டக்டர்: மெஷின் கத்துதுக்கா...

டெய்லரம்மா: அது பி.பி. சத்தம். அப்பாடா, இப்ப வந்துடுவாங்க. கத்தட்டும்.

சிஸ்டர்: என்ன மூணாம் பெட்டு? கால் இழுக்குதா? நாலு லிட்டர் குடிச்சா இழுக்கத்தான் செய்யும். அழுத்தி மிதி. பெட்டுக் கம்பிய அழுத்தி மிதி.

கண்டக்டர்: சிஸ்டர்... தண்ணி எடுக்கறத... கொஞ்சம் நிறுத்துங்க...

சிஸ்டர்: நிறுத்தினா வீட்டுக்குப் போயி மறுபடி மூச்சு முட்டுதுன்னு வருவ. கொஞ்சம் பொறுத்துக்க. இந்தச் சனியன் வேற சும்மா கத்திக்கிட்டே இருக்கு... இந்தா, அமுத்திட்டேன். இனிமே கத்தாது. படு.

டெய்லரம்மா: சிஸ்டர், பி.பி. எவ்வளவுன்னு பாத்தீங்களா? ...சிஸ்டர்!

சிஸ்டர்: ஒம்பதாம் பெட்டுல ரத்தம் கசியுதும்மா, அத விட்டுட்டு உன்கூடப் பேசணுமா?

டெய்லரம்மா: ...போயிட்டா. தம்பி. தம்பி!

கண்டக்டர்: ம்...

டெய்லரம்மா: தூங்காதீங்க.

கண்டக்டர்: தூங்கல... கண்ணு மட்டும்...

டெய்லரம்மா: கண்ண மூடாதீங்க. பேசிக்கிட்டே இருங்க. பேசுன்னு சொன்னா மட்டும் பேச மாட்டீங்களா? உங்க பஸ்ஸு... எத்தனாம் நம்பர் அது?

கண்டக்டர்: பதினேழு...

டெய்லரம்மா: பதினேழு எங்கருந்து கெளம்பும்? ஒவ்வொரு ஸ்டாப்பா சொல்லிக்கிட்டே வாங்க. எனக்கு டிக்கெட் குடுங்க, கடைசி ஸ்டாப்புக்கு.

கண்டக்டர்: கடைசிக்கா... எதுக்குக்கா அவ்வளவு தூரம்...

டெய்லரம்மா: ஒரு வேலையா போறேன். சொல்லுங்க.

கண்டக்டர்: மணிக்கூண்டு...

டெய்லரம்மா: ம்.

கண்டக்டர்: மார்க்கெட்டு... மாவு மில்லு...

டெய்லரம்மா: ம், அப்பறம்?

கண்டக்டர்: பொண்ணுங்க ஸ்கூலு... அங்க ரெண்டு நிமிஷம் நிக்கணும்... சின்னப் புள்ளைங்க... ஓடி வரும்...

டெய்லரம்மா: நிக்கலாம். தாராளமா நிக்கலாம். எல்லாரும் ஏறிட்டாங்களா?

கண்டக்டர்: ...

டெய்லரம்மா: தம்பி! எல்லாரும் ஏறிட்டாங்களான்னு கேட்டேன்!

கண்டக்டர்: ...ஏறி... ரைட்டு...

டெய்லரம்மா: அடுத்தது?

கண்டக்டர்: தண்ணித் தொட்டி...

டெய்லரம்மா: ஆமா, உங்களுக்கு அதத் தவிர வேற என்ன ஞாபகம் வரும்? அங்க எறங்கிடாதீங்க. அடுத்தது?

கண்டக்டர்: ...

டெய்லரம்மா: தண்ணித் தொட்டிக்கு அடுத்தது என்ன தம்பி? ...கோர்ட்டா? ...தம்பி? ...தம்பி!

கண்டக்டர்: ...

டெய்லரம்மா: சிஸ்டர்! சிஸ்டர்! யாராவது வாங்களேன்! ஆளு பேச்சு மூச்சில்லாம கெடக்கறாரு! ...யம்மா, ஒருத்தருக்குமா காது கேக்கல? ஏய், யாராவது... சரி. சரி. பி.பி. சத்தத்துக்குத்தான வர மாட்டீங்க? பில்டர் சத்தத்துக்கு வருவீங்கல்ல? பைப்புல ரத்தம் கட்டிக்கிட்டா உங்க பில்டரு போயிடும்ல? இந்தா... என் கைய மடக்கறேன்... ஸ்ஸ்ஸ்... இன்னும் மடக்கறேன்... கத்து. நல்லா கத்து. இன்னும் சத்தமா கத்து...

சிஸ்டர்: ஏய் நாலாம் பெட்டு! கைய நீட்டு! ஊசி இருக்கற கைய எவளாவது மடக்குவாளா? பம்ப்பு நின்னுடுச்சு பாரு! ரத்தம் கட்டிடுச்சுன்னா...

டெய்லரம்மா: திரையத் தள்ளும்மா.

சிஸ்டர்: மொதல்ல கைய நீட்டு!

டெய்லரம்மா: திரையத் தள்ளு. தள்ளி அவரப் பாரு. அப்பறம் நீட்டறேன்.

சிஸ்டர்: என்ன ரவுடித்தனமா பண்ற... ஐயோ! மூணாம் பெட்டு! இந்தாப்பா... ஐயா! கண்ணத் தொறங்க! ஐயா!

டெய்லரம்மா: தண்ணி எடுக்கறத நிறுத்து மொதல்ல.

சிஸ்டர்: நிறுத்திட்டேன், நிறுத்திட்டேன்... ஒம்பதாம் பெட்டுல நிக்கிற அக்கா! சலைன் பாட்டில் கொண்டாங்க, ஓடியாங்க! பெட்டத் தாழ்த்துங்க... காலத் தூக்கிப் புடிங்க... எழுவதுக்கு நாப்பது. கடவுளே... ஐயா, சத்தம் கேக்குதா? ஐயா!

டெய்லரம்மா: தம்பி... தண்ணித் தொட்டிக்கு அடுத்தது என்ன தம்பி? கூட்டம் எறங்கணும்னு நிக்கிது பாருங்க. சொல்லுங்க...

சிஸ்டர்: சலைன் வேகமா விடுங்க... இன்னும்... இன்னும்... ம், ஏறுது. எம்பது... தொண்ணூறு...

கண்டக்டர்: ...கோர்ட்டு.

டெய்லரம்மா: ஆங்?

கண்டக்டர்: கோர்ட்டு... வாசல்...

டெய்லரம்மா: அப்பாடா... எறங்குங்க எல்லாரும், எறங்குங்க. கோர்ட்டு வந்துடுச்சு.

சிஸ்டர்: நீ என்னம்மா, அவரப் பேச வச்சிக்கிட்டே... சரி, கையக் காட்டு. பாரு, ஊசி நகந்து ரத்தம் உள்ள எறங்கிடுச்சு. எப்படி வீங்கிப் போச்சு. வேற எடத்துல குத்தணும். வலிக்கும்.

டெய்லரம்மா: குத்தும்மா.

சிஸ்டர்: குத்தப் போறேன்.

டெய்லரம்மா: ம்... ஸ்ஸ்ஸ்.

சிஸ்டர்: ஐஸ் வச்சிக்க. இவரு பையன மேல கூப்பிடணும். இப்படி ஆச்சுன்னு சொல்லியாகணும். ரிஜிஸ்டர்ல நம்பர் இருக்கா... மூணாம் பெட்டு... மகன்... ஆங், இருக்கு. ரிங் போகுது. யாரு போன் அது? உன் பையிலயா அடிக்குது? கட் பண்ணும்மா, நான் முக்கியமாப் பேசணும்.

டெய்லரம்மா: கை... எட்டலம்மா.

சிஸ்டர்: எடுக்க மாட்டேங்கறான். கட் பண்ணிட்டேன்... ம்? உன் போனும் நின்னுடுச்சே. இரு. திரும்ப அடிக்கறேன்... ஏம்மா, இது உன் பையிலதான் அடிக்குது! இவரு பையன் போன் உன் பையில எப்படி வந்துச்சு? ரிஜிஸ்டரப் பாக்கறேன்... மூணாம் பெட்டு, மகன், இந்த நம்பர். நாலாம் பெட்டு, கணவர்... அதே நம்பர்! ரெண்டு பேருக்கும் ஒரே நம்பரா? என்ன கூத்துடி இது?

கண்டக்டர்: சிஸ்டர்... எழுதறப்ப... தப்பாயிடுச்சு. பையன் நம்பர மாத்திட்டான்...

சிஸ்டர்: மாத்தினா இந்தம்மா நம்பரா மாறும்?

டெய்லரம்மா: அது என் வீட்டுக்காரர் நம்பரும்மா. போன என் பையில போட்டுட்டு எறங்கிட்டாரு. கீழதான் நிக்கிறாரு.

சிஸ்டர்: எனக்குத் தல வெடிக்குது. இந்தா, ரெண்டு பேப்பரும் ரெண்டு பெட்டுக்கும் நடுவுல வைக்கறேன், இந்த ஸ்டூல் மேல. பேனாவும் வச்சிருக்கேன். மெஷின்லருந்து எறங்கறதுக்குள்ள ரெண்டுலயும் கையெழுத்து இருக்கணும். உன் பையன் போடுவானோ, இந்தம்மா புருஷன் போடுவாரோ, எனக்குத் தேவையில்ல. கையெழுத்து இல்லன்னா மேடம் ரெண்டு பெட்டையும் வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாது.

டெய்லரம்மா: சரிம்மா.

சிஸ்டர்: அப்பறம்... சத்தத்த நான் அமுத்தினது... அதையெல்லாம் வெளிய பேசிக்கிட்டிருக்காதீங்க. பேங்க்காரர் கத தெரியும்ல?

டெய்லரம்மா: தெரியும்மா.

கண்டக்டர்: திரைய மூடாமப் போயிட்டா.

டெய்லரம்மா: ம். மறந்துட்டாங்க.

கண்டக்டர்: கை ரொம்ப வலிக்குதாக்கா?

டெய்லரம்மா: இல்ல, குளுகுளுன்னு இருக்கு. ஐஸ் வச்சிருக்கேன்ல?

கண்டக்டர்: கத்திரிக்கா மாதிரி வீங்கியிருக்கு. அந்தக் கைய வச்சித்தான துணி தைக்கறீங்க?

டெய்லரம்மா: தைக்கறது வலது கை. இது துணியப் புடிச்சிக்கற கை. நாலு நாள் புடிக்காம இருந்தா ஒண்ணும் கொறஞ்சிடாது. நீங்க பேசாதீங்க. படுங்க.

கண்டக்டர்: அப்போ பேசச் சொன்னீங்க, இப்போ பேசாதங்கறீங்க.

டெய்லரம்மா: ஆமா. உங்க பையன் நம்பர்னு சொல்லி என் வீட்டுக்காரர் நம்பர எழுதின ஆளாச்சே நீங்க. உங்ககிட்ட என்ன பேச்சு?

கண்டக்டர்: ...மன்னிச்சிருங்கக்கா.

டெய்லரம்மா: பஸ் ஸ்ட்ரைக் அன்னிக்கு மெஷின் ஓடுதான்னு கேட்டுக்கணும்னுதான நம்பர் வாங்கினீங்க?

கண்டக்டர்: அதுக்குத்தான்க்கா வாங்கினேன். நீங்க உங்க நம்பரக் குடுக்காம அவரு நம்பரக் குடுத்தீங்க. சரி, மரியாதையான பொம்பளன்னு ஒரு டிக்கெட்டுப் பின்னாடி எழுதிச் சட்டப் பையில வச்சிருந்தேன். அந்த வாரம்தான் ரிஜிஸ்டர நீட்டி, 'உனக்கு ஒண்ணுன்னா யாரக் கூப்பிடறது'ன்னு கேட்டா...

டெய்லரம்மா: பெரியவன் நம்பர எழுத வேண்டியதுதான?

கண்டக்டர்: எங்கிட்ட இல்லக்கா.

டெய்லரம்மா: எது?

கண்டக்டர்: அவன் நம்பர்... பெரியவன் இருக்கான். எங்கயோ நல்லா இருக்கான். ஆறு வருஷம் ஆச்சு பேசி. அவங்கம்மா போனப்ப வந்தான். வாய்த் தகராறு. நானும் சும்மா இருந்திருக்கலாம். இந்த வாய்தான் தெரியும்ல உங்களுக்கு...

டெய்லரம்மா: அப்போ பைக்கு?

கண்டக்டர்: பைக்கும் இல்ல, கப்பலும் இல்ல. பதினேழாம் நம்பர் பஸ்ஸுதான். நின்னுக்கிட்டே வருவேன்.

டெய்லரம்மா: ஜூஸு? நாலு கிலோ ஏத்தியிருக்கீங்க. அது யாரு வாங்கிக் குடுத்தது?

கண்டக்டர்: டீக்கா.

டெய்லரம்மா: டீயா?

கண்டக்டர்: வீட்டுல யாரு இருக்கா பேச? டீக்கடையில போய் உக்காருவேன். ஒண்ணும் வாங்காம எவ்வளவு நேரம் உக்கார முடியும்? ஒரு டீ சொன்னா பக்கத்துல உக்காந்தவன் ஒரு அரை மணி நேரம் பேசுவான். அவன் எந்திரிச்சுப் போனா அடுத்த ஆள் வருவான். அடுத்த டீ. தாகமெல்லாம் இல்லக்கா. பேச்சுக்குத்தான் குடிக்கறது.

டெய்லரம்மா: ...பைத்தியக்காரா.

கண்டக்டர்: தெரியும். அதான் செவுத்தப் புடிச்சிக்கிட்டு எடை பாக்கறது. கூட்டத்துல வச்சுத் திட்டுவாளேன்னு.

டெய்லரம்மா: என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?

கண்டக்டர்: உங்களுக்கு ஒரு மனுஷன் மூடியில அளந்து தண்ணி குடுக்கறாரு, கீழ வந்து காவல் நிக்கிறாரு. உங்ககிட்ட போயி 'எனக்கு நாதியில்ல'ன்னு எப்படிச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு. என் பங்குக்கு நானும் ஒரு பையன நிறுத்தி வச்சேன். ஒண்ணு சொல்லட்டுமா? அந்த நம்பர எழுதினதுலருந்து ஒரு தைரியம்க்கா. நமக்கு ஒண்ணுன்னா கீழ ஒரு ஆம்பள இருக்காரு, ஓடி வந்துடுவாருன்னு. இன்னிக்குக் கண்ணு இருட்டறப்பகூட அததான் நெனச்சேன். டெய்லரம்மா வீட்டுக்காரர் வந்துடுவாருன்னு. முன்னப்பின்ன அவரு மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல.

டெய்லரம்மா: அந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருக்கு, படிச்சீங்களா?

கண்டக்டர்: கண்ணாடி போடல. படிங்க.

டெய்லரம்மா: 'சிகிச்சையின்போது நோயாளிக்கு எது நேர்ந்தாலும் அதற்கு நிலையமோ ஊழியர்களோ பொறுப்பல்ல. உடன் வந்தவராகிய நானே முழுப் பொறுப்பேற்கிறேன்.'

கண்டக்டர்: நல்லா இருக்கே! சத்தத்த அமுத்தினது அவங்க, பொறுப்பு நம்ம வீட்டு ஆளா?

டெய்லரம்மா: அது நம்ம தலையெழுத்து. கையெழுத்துப் போட்டாத்தான் நாளன்னைக்கு மெஷின்.

கண்டக்டர்: நானே எதையாவது கிறுக்கிடுவேன்க்கா. ஆனா இந்தக் கை நடுக்கத்துல, 'க'னா போட்டாலே கண்டுபுடிச்சிடுவா. என் கையெழுத்துதான் அவளுக்கு அத்துப்படியாச்சே...

டெய்லரம்மா: ம்.

கண்டக்டர்: அக்கா... கோச்சுக்காதீங்க. உங்க வீட்டுக்காரர ஒரே ஒரு தடவ மேல வரச் சொல்லுங்களேன். மருந்து வாடை ஒத்துக்காதுன்னு தெரியும். மூக்கப் பொத்திக்கிட்டு வரட்டும். ரெண்டே நிமிஷம். உங்க பேப்பர்ல ஒரு கையெழுத்து. அப்படியே மனசு வந்தா என் பேப்பர்லயும் ஒண்ணு. சும்மா ஒரு பேருக்குத்தான். நான் செத்தா அவரு தலையில வந்து விழ மாட்டேன். சத்தியமா.

டெய்லரம்மா: செத்தா கித்தான்னு பேசினா எழுந்து வந்து அறைவேன்.

கண்டக்டர்: வாட்ச்மேன விட்டுக் கூப்பிடச் சொல்லட்டுமா? எந்தப் பக்கம் நிப்பாரு? கேட்டுப் பக்கமா, மரத்தடியிலயா? என்ன கலர் சட்டை?

டெய்லரம்மா: தம்பி...

கண்டக்டர்: ஒத்துக்குவாருல்லக்கா? நல்ல மனுஷன்னுதான சொல்வீங்க?

டெய்லரம்மா: நல்ல மனுஷன்தான். அவரு போயி மூணு வருஷம் ஆச்சு தம்பி. போனுக்கு மட்டும் தினம் சார்ஜ் போட்டு வச்சிருக்கேன், இன்னிக்குத்தான் அது அடிச்சுக் கேட்டேன்... அவரு கையெழுத்து எனக்கு அச்சு அசலா வரும், இருந்தப்பவே கூரியர்காரனுக்கெல்லாம் நான்தான் போடுவேன். உங்க பேப்பர இப்படித் தள்ளுங்க... இதுல உறவுமுறைன்னு ஒரு கட்டம் இருக்கு. மச்சான்னு எழுதிக்கட்டுமா?